கறுப்புக் கட்டத்தில் கால் வைக்காத தோரா

கோதுமை அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் குடியானவப் பெருமக்களே! தலைமையேற்றிருக்கும் நகரத் தலைவர் கோவல்சுக் அவர்களே! மனநல மருத்துவமனையில் என்னோடு மாரடித்த மூத்தவர்களே! மடியில் மழலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஒலேனாவின் வணக்கம்.

எல்.எஸ்.டி என்றொரு மருந்து, இல்லாததையும் கண்ணுக்குக் காட்டும். பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள் தம்பி. நான் அதைக் குடித்தவள்! கூத்தடிக்க அல்ல. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவரின் கண்ணெதிரே, தாதிச் சீருடையில் குடித்தேன்.

ஏன் குடித்தேன்?

எங்கள் வார்டில் தோரா என்றொரு ஐஸ்லாந்துக்காரி இருந்தாள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் நடைவழியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டத் தரை. அதில் அவள் கால் வைக்கமாட்டாள். பதினொரு ஆண்டுகள், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு தாதிகள் அவளை இழுத்துப் போனோம். ஆம், இழுத்தவர்களில் நானும் ஒருத்தி. என் நகம் அவள் கையில் பதிந்திருக்கிறது. அடம் என்றோம், ஆணவம் என்றோம். அச்சம் என்று ஒருவராவது சொன்னோமா?

அப்போதுதான் டாக்டர் டிராக்வேர் அந்தப் புது மருந்தோடு வந்தார். நோயாளிகள் காணும் உலகத்தைச் சில மணி நேரம் நாமும் காணலாம் என்பது அவர் எண்ணம். "நோயாளிக்குக் குடுக்கறதுக்கு முன்னால நாம குடிக்கணும். நான் மூணு தடவ குடிச்சாச்சு. பயமா இருந்தா வேணாம்," என்றார். கை தூக்கினேன். துணிச்சலா? இல்லை, என்னை என்ன செய்துவிடும் என்ற திமிர்!

குடித்து ஒரு மணி நேரம் கழித்து அந்த நடைவழியில் நின்றேன். கறுப்புக் கட்டங்கள் கீழே இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு கிணறு! டாக்டர் அவற்றின் மேல் சாதாரணமாக நடந்தார். அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், அதுல கால வைக்காதீங்க. ஆழமா இருக்கு."

சுவரோரம் தோரா நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். பதினொரு ஆண்டுகளில் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், என் கையைப் பிடித்தாள்.

"உனக்கும் தெரியுதாடி? சுவத்த ஒட்டி நில்லு. விழமாட்ட."

மாலையில் மருந்தின் வேகம் இறங்கியது. தரை தரையாயிற்று. அவளை இழுக்க மட்டும் என் கை எழவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளரிடம் நடந்ததைச் சொல்லி, தரையை மாற்றக் கேட்டேன். மருந்து குடித்த தாதி சொன்னாள் என்று தரையை மாற்றுவதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்! டாக்டர் விட்டாரா? நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்றார். சாம்பல் நிற விரிப்பை ஒரு மாதம் போட்டோம். அதுவரை அங்கே நடக்க மறுத்தவர்கள் பதினான்கு பேர். ஒன்பது பேர் தாமாக நடந்தார்கள். ஐந்து பேர் நடக்கவில்லை. அந்த ஐந்தையும் டாக்டர் அதே அளவு எழுத்தில் எழுதினார். அதுதான் ஐயா ஆராய்ச்சி!

தோரா? கட்டைவிரலால் விரிப்பைத் தொட்டாள். வெகுநேரம் நின்றாள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நடந்தாள்! மேசையில் அமர்ந்து ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிப் பார்த்தாள்.

"இந்தக் கஞ்சிக்கா என்னை இத்தன வருஷம் இழுத்தீங்க?"

அந்த மருந்து அவள் நோயைத் தீர்க்கவில்லை. அவள் வாயில் ஒரு சொட்டும் விழவில்லை. குடித்தவள் நான், திருந்தியவளும் நான்.

பெரியோர்களே! புதிய மருத்துவமனையின் வரைபடத்துக்கு நாளை ஒப்புதல் தரப்போகிறீர்கள். கோடு போட்டவர்களைக் கேட்டீர்கள், கொத்தனாரைக் கேட்டீர்கள். குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டீர்களா? அவர்களைக் கேட்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்! இதற்கு உடன்படுவோர் கை தூக்குங்கள்.

போதும், எண்ண முடியவில்லை. முதல் வரிசையில் தோராவின் கையும் தெரிகிறது. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.