பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எண்பது முறுக்கு

இந்த நாற்காலி கிரீச்சுன்னு கத்துது சார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

கடை ஷட்டரை ஏத்தி இறக்கறப்போ பாரம் தெரியாம இருக்க, மேலே உருளைக்குள்ள ஒரு ஸ்பிரிங் சுருண்டிருக்கும். அதைச் செய்யற கம்பெனியிலதான் எனக்கு வேலை. ஸ்பிரிங்கை மிஷின்ல மாட்டி, முறுக்கி முறுக்கி விட்டு, எத்தனையாவது முறுக்குல உடையுதுன்னு எழுதி வைக்கணும். உடையற நிமிஷம் வரைக்கும் அது புதுசு மாதிரியே பளபளன்னு இருக்கும். மேல்தோல்ல ஒரு மயிரிழை விரிசல், அவ்வளவுதான். ஸ்டீலும் களைச்சுப்போகும் சார். என்ன, நம்மள மாதிரி புலம்பாது.

அக்கா வீட்டுக்காரர் இதை வெச்சே என்னை ஓட்டுவார். வீட்டுக்குள்ள கால் வெச்சாப் போதும், "என்ன மச்சான், இன்னிக்கு எத்தனை முறுக்கு?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பா. பாவம், புருஷன் மனசு நோகக் கூடாதேன்னு சிரிக்கறா. அது எனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருஷம் நானும் சிரிச்சேன்.

ஒருநாள் அத்தானே கேட்டார். "கடை ஷட்டர் கனக்குது மச்சான். உங்க கம்பெனியில நல்லதா ஒண்ணு பார்த்துக் கொண்டாயேன்."

பார்த்துத்தான் கொண்டுபோனேன். அது இருபதாயிரம் முறுக்கைத் தாண்டாத ரகம். பத்தொன்பதாயிரத்து எண்ணூத்தி எண்பதுல மிஷினை நிறுத்திட்டேன். நல்லாத் துடைச்சு, நானே ஏணி போட்டு மாட்டினேன். தெரிஞ்சேதான் மாட்டினேன். "பட்டு மாதிரி போகுது மச்சான்"னு முதுகுல தட்டிக்கொடுத்தார்.

மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு தினம் ரெண்டு தடவை கடை அடைச்சுத் திறப்பார். அறுபது நாள்னு கணக்குப் போட்டேன். எழுபத்தோரு நாள் இழுத்துடுச்சு. அது ஒண்ணுதான் சார் எனக்கு வெட்கம்.

அத்தானுக்கு ஷட்டரை முழுசா ஏத்தப் பொறுமை கிடையாது. பாதி ஏத்திட்டுக் குனிஞ்சு நுழைவார். "இடுப்பு பிடிச்சுக்கும் அத்தான், நிமிர்ந்து போங்க"ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். கேட்டாத்தானே. ஸ்பிரிங் உடைஞ்சு ஷட்டர் கழுத்துல விழுந்துச்சாம், அங்கேயே போயிட்டாராம்.

நேத்து அக்கா என்னைப் பார்க்க வந்தா. லாக்கப் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம், "அவர் கிண்டல் பண்றது பிடிக்கலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா"ன்னா.

எப்படி சார் சொல்றது? அவ மனசு கஷ்டப்படாதா?