பன்னிரண்டு போதும்

தம்பி: ...காலையில நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்கக்கா. எங்க விமானப்படைத் தளத்துல இருக்கிற பன்னிரண்டு ஹெலிகாப்டரும் நாளையிலேர்ந்து பறக்காது.

அக்கா: அதுக்குள்ள ஒட்டிட்டாங்களா? கையைக் கழுவிட்டு வா, முதல்ல சாப்பிடு.

தம்பி: உனக்கு ஆச்சரியமாவே இல்லையே.

அக்கா: பாதுகாப்புத் துறையில திட்டம் போடறதுதான் என் வேலை. இதுக்கெல்லாம் ஆச்சரியப்பட்டா...

தம்பி: அப்போ இதை எழுதினது யாருன்னும் தெரிஞ்சிருக்குமே. நாட்டுல இருக்கிறதே இருபத்துநாலு. பாதியை நிறுத்தச் சொல்ல ஒரு தைரியம் வேணும்.

அக்கா: ...நான்தான் எழுதினேன்.

தம்பி: நீயா?

அக்கா: திட்டாதே, முழுசாக் கேளு. இந்த வருஷம் ஒதுக்கின பணம் இருபத்துநாலுக்கும் உதிரிபாகம் வாங்கப் பத்தாது. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சமாப் பிச்சுப் போட்டா ஒண்ணும் உருப்படாது. இருக்கிறதுல பழசு உங்களோடதுதான். அதை நிறுத்திட்டு, இன்னொரு தளத்துல இருக்கிற மத்த பன்னிரண்டையாவது ஒழுங்கா வச்சுப்போம்; உங்க விமானிங்க முறை வச்சு அங்க போய் ஓட்டட்டும்னு சொன்னேன்.

தம்பி: தளபதி ஒத்துக்கிட்டாரா?

அக்கா: லேசுலயா? எண்ணிக்கை குறைஞ்சா எல்லைக்கு அந்தப் பக்கம் சிரிப்பாங்கன்னார். ஓட்டைக் குடை எத்தனை இருந்தாலும் நனையத்தானே போறோம்னு கேட்டுட்டேன்.

தம்பி: அவர்கிட்டயேவா? வாய்க்கொழுப்புதான் உனக்கு.

அக்கா: சிரிக்கிறியே... கோபம் இல்லையா? நீ சண்டைக்கு வரப்போறேன்னு பயந்துகிட்டு...

தம்பி: கோபமா? கடைசி ரெண்டு தடவை ஏறும்போது பத்திரமா இறங்குவோமான்னே சந்தேகமா இருந்துச்சுக்கா. பின்னாடி மூணு பேர் என்னை நம்பி உக்காந்திருக்காங்க. நோட்டீஸைப் படிச்சதும் எங்க மெக்கானிக் என்னைக் கட்டிக்கிட்டு அழுதுட்டார்.

அக்கா: அப்பாடா...

தம்பி: ஆனா உன்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். உங்க பிரிவுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கும். கியர்பாக்ஸ் அதிர்வு பத்தி, தேதி வாரியா. அதை எழுதினது...

அக்கா: தெரியும்.

தம்பி: எப்படி? கையெழுத்தே போடலையே.

அக்கா: "எந்திரம் இருமுது"ன்னு எழுதற விமானி வேற யாருடா இருக்கா? தம்பிக்காகச் செஞ்சேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதுன்னுதான், மூணு எஞ்சினியர்களை உங்க தளத்துக்கு அனுப்பித் தனித்தனியா அறிக்கை வாங்கினேன். மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் நீ பறந்துகிட்டுத்தான் இருந்தே. ஏறாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல என்னால... சரி, தட்டை எடு. இன்னிக்குத்தான் எனக்கும் பசிக்குது.