தொண்ணூற்றொன்பதுக்கு மேலே

— டமார்னு என்ன சத்தம் மாமா? பம்பையே சாய்ச்சுட்டீங்களா?

— மூடிதான் பாப்பா விழுந்துச்சு. ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. உள்ளே பார்த்துட்டேன். கதை முடிஞ்சுது.

— மெக்கானிக் வாயில அப்படி வரலாமா? என்னன்னு சொல்லுங்க.

— லிட்டர் விலை காட்டற இந்த மீட்டர்ல புள்ளிக்கு முன்னாடி ரெண்டே நம்பர் சக்கரம். தொண்ணூத்தொன்பதோட சரி. நாளைக் காலையில பெட்ரோல் நூத்திரெண்டு ரூபாய். மூணாவது சக்கரத்துக்கு இதுல இடமே கிடையாது.

— லிட்டர் பத்து ஆனப்போவும் எங்கப்பாகிட்ட இதையேதானே சொன்னீங்க?

— அன்னைக்கு இடம் இருந்துச்சு, ரெண்டாவது சக்கரம் மாட்டினேன். 'இது போதும்யா, தொண்ணூத்தொன்பதை என் பேரன்கூடப் பார்க்க மாட்டான்'னார் உங்கப்பா.

— பாவம், அவர் பங்க் திறந்தப்போ லிட்டர் ஒண்ணேகால். மூணு ஆனதுக்கே ஊர் மொத்தமும் சைக்கிளுக்கு மாறிடும்னு பயந்து ரெண்டு நாள் சாப்பிடலை.

— மாறுச்சா என்ன? முப்பதுலயும் திட்டிக்கிட்டே போட்டான், அறுபதுலயும் திட்டிக்கிட்டே போட்டான்.

— அறுபதுலதான் மாமா, 'டாங்க்கை நிரப்பு'ன்னு சொல்றது நின்னுச்சு. 'நூறுக்குப் போடு'ன்னு ஆரம்பிச்சாங்க. நாளையிலேர்ந்து நூறுக்கு ஒரு லிட்டர்கூட வராது.

— அதான் சொல்றேன். ஒரு மாசம் மூடிப் போடு. புது பம்ப் வரட்டும்.

— மூணு நாள் மூடினா லைசென்ஸ் ரத்து. கம்பெனிக்காரன் நோட்டீஸே அனுப்பிட்டான். இந்த இடமும் போகும், ஆறு பேர் வேலையும் போகும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் திறந்தே ஆகணும்.

— எப்படித் திறப்பே? மந்திரம் போட்டா?

— பாதி விலை வைங்க. அம்பத்தொண்ணு. மீட்டர் காட்டறதுல ரெண்டு மடங்கு கொடுங்கன்னு பெரிசா போர்டு எழுதிட்டேன்.

— அடி சக்கை! பாதி விலைக்குத் தர்றாங்கன்னு ஊரே கேனைத் தூக்கிட்டு வரும். சண்டை நாறும்.

— வரட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் குழாயை மாட்டறதுக்கு முன்னாடி நானே நின்னு சொல்றேன். தொண்டை கட்டினா வெந்நீர் குடிச்சுக்கறேன்.

— எடையளவு ஆபீஸ்காரன் விடுவானா? யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டா போதும், சாயங்காலமே சீல்.

— இந்தாங்க, அவங்க கடுதாசி. மூணு மாசம் அனுமதி. லைசென்ஸ் உள்ள மெக்கானிக் சோதிச்சுக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்.

— இதை வேற வாங்கி வெச்சிருக்கியா? நாலு தடவையாவது அலைய விட்டிருப்பானே!

— பதினோரு தடவை. ஸ்க்ரூ டிரைவரைப் பிடிங்க.

— பல்சக்கரம் பழசு பாப்பா. பல் முறிஞ்சா என்னைச் சொல்லக் கூடாது.

— முறிஞ்சா மாத்த இன்னொண்ணு டப்பாவுல இருக்கு. பழைய இரும்புக் கடையில உட்கார்ந்து தேடிப் பிடிச்சேன்.

— விடமாட்டே நீ. சரி, நகரு. நாப்பத்தொன்பது... அம்பது... அம்பத்தொண்ணு. அஞ்சு லிட்டர் அளவு டின்னைக் கொண்டா.

— இந்தாங்க, பிடிச்சாச்சு. கோட்டுல சரியா நிக்குதா?

— மயிரிழைகூடத் தப்பலை.

— அப்போ கையெழுத்து. இங்கே. லைசென்ஸ் நம்பரும் போட்டு, 'என் கையாலேயே சோதித்தேன்'னும் எழுதுங்க.

— போட்டாச்சு, பிடி. ஒண்ணு கேக்கறேன் பாப்பா. உன் பின் தெருவுலயே லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆள் ஒருத்தன் இருக்கான். கூலியும் பாதிதான். அவனை விட்டுட்டு என்னை ஏன் இவ்வளவு தூரத்துலேர்ந்து கூப்பிட்டே?

— பாலத்துக்கிட்ட நாளைக்குத் திறக்கிற புது பங்க் உங்க மகனோடதாமே மாமா? என் மீட்டர் மேல அவர் புகார் எழுதணும்னா, இனிமே தன்னோட அப்பா கையெழுத்து மேலதான் எழுதணும்.