பாஸ்போர்ட் ஒன்று, சொந்தம்

என் பெயரும் விலாசமும் மேலே உள்ள கட்டங்களில் இருக்கின்றன. வயது நாற்பத்தொன்று. வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, இங்குள்ள தனியார் பள்ளியில் நான்கு வருடங்களாகக் கணக்கு டீச்சராக வேலை பார்க்கிறேன். அலமாரியை உடைத்துத் திருடியதாகப் பள்ளி முதல்வர் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு நான் சொல்வதாவது:

வேலையில் சேர்ந்த அன்றே முதல்வர் என் பாஸ்போர்ட்டை, பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார். சென்ற மாதம் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போக அதைத் திருப்பிக் கேட்டதற்கு, பதில் ஆள் கிடைக்கட்டும் என்றார். அதன் பிறகு நான் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தேன். வக்கீல் உதவிக்காகத்தான் சேர்ந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. என் கணவர் போனில், "போன இடத்துல வம்பை விலைக்கு வாங்குறியா?" என்று கத்தினார். சங்க வக்கீல் எழுத்தில் கேட்கச் சொன்னார். மூன்று கடிதம் கொடுத்தேன். மூன்றாவதை முதல்வர் எல்லா ஆசிரியர்கள் முன்பும் கிழித்து, "சங்கத்துல சேர்ந்துட்டா கொம்பு முளைச்சிடுமா? உங்க சங்கமே வந்து எடுத்துக்கட்டும்" என்றார். அந்த ஆள் மீது எனக்கு வெறுப்பு உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு திங்கட்கிழமை, போர்டில் வட்டம் போடும் பெரிய காம்பஸை எடுக்க, வழக்கம்போல் கிளார்க்கிடம் சாவி வாங்கி அலமாரியைத் திறந்தேன். உடைந்த பூட்டை இதுவரை யாரும் காட்டவில்லை. காம்பஸுக்குப் பின்னால் பதினொரு பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. என்னுடையதை மட்டும் உருவிக்கொண்டு, மற்றவற்றுக்குத் திரும்ப ரப்பர் பேண்டு போட்டேன். "எங்களோடதையும் எடுத்திருக்கலாமே டீச்சர்" என்று சயின்ஸ் சார் பிறகு கோபித்துக்கொண்டார். அவரவர் பொருளுக்கு அவரவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

அலமாரியிலிருந்து எதை எடுத்தாலும் பக்கத்தில் தொங்கும் நோட்டில் எழுத வேண்டும் என்பது முதல்வர் போட்ட சட்டம். கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன்: காம்பஸ் ஒன்று, பாஸ்போர்ட் ஒன்று, சொந்தம், மணி பத்து இருபது. எந்தத் திருடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்? அந்த நோட்டைத்தான் முதல்வர் சாட்சியமாகக் கொண்டுவந்திருக்கிறார். காம்பஸை அன்றே திருப்பி வைத்தேன். பாஸ்போர்ட்டுக்கு நேரே 'திருப்பிய தேதி' கட்டம் காலியாக இருப்பதை அவர் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார். அது மறதி அல்ல.

இதுவரை சொன்னதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடி. பாஸ்போர்ட்டை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். அதை எழுத்தில் கேளுங்கள். சங்க வக்கீல் வெளியே உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வலது கையால் கையெழுத்திடுகிறேன்.