முதுகு வலியும் பழுத்த குலையும்

செவ்வாய்க்கிழமை காலை, மலேசியாவில் லுக்குட்டிலிருந்து சிரம்பான் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களில் குலை வெட்டுபவர். போன வருஷம் வழுக்கி விழுந்ததிலிருந்து முதுகு வலி என்பது பேச்சில் தெரிந்தது.

"உங்களுக்கு முதுகுல கோளாறு இல்ல. கண்ணுலதான்," என்றார் அந்த அம்மா.

"கண்ணு என்னா பண்ணுச்சு?"

"டாக்டர் என்னா சொன்னாரு? ஊசி இருக்கு, ஆப்பரேசன் இருக்கு, முதல்ல தினம் நடந்து பாருங்கன்னாரு. நடந்தீங்களா?"

"நடந்தேன்லா!"

"எங்க? செம்பனைக்கு நடுவுல, அண்ணாந்து பாத்துக்கிட்டு."

"பழுத்துக் கெடந்துச்சு. ஒரே ஒரு குலைதான்."

"அதுக்குப் போயி அருவாள இரவல் வாங்குனீங்க. மறுநாள் படுக்கைய விட்டு எந்திரிக்கல. இன்னிக்கும் வலி குறையலன்னா ஆப்பரேசன்னு சொல்லியிருக்காரு."

அவர் குரலைத் தாழ்த்தி, "டாக்டர்கிட்ட குலையப் பத்திச் சொல்லாதம்மா," என்றார்.

"அதத்தான் முதல்ல சொல்லுவேன். சொன்னாத்தான் ஆப்பரேசன தள்ளி வச்சு, நடக்குறதுக்கு இன்னொரு மாசம் குடுப்பாரு."

"சரி. நாளையிலேருந்து கடற்கரையில நடக்குறேன்."

"அங்க தென்னை மரம் இருக்கு."

"அப்ப எங்கதான் நடக்குறது?"

"பாசார்ல, காய்கறி வாங்க என்கூட. அங்க எல்லாமே மேசை மேலதான் இருக்கும்."

பேருந்து ஒரு செம்பனைத் தோட்டத்தைக் கடந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அண்ணாந்தார்.

அந்த அம்மா எழுந்து நின்று, "இடம் மாறி உக்காருங்க," என்றார்.