மேற்குச் சுவரில் ஒரு சன்னல்

அவைத் தலைவர் நாறும்பூநாதன் அவர்களே, கோமதியம்மாளைப் பறிகொடுத்து நிற்கும் குத்துக்கல்வலசை பீடித் தொழிலாளர் காலனிப் பெருமக்களே, வணக்கம். மாலையோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் கட்டட என்ஜினீயர் அவர்களே! உங்களுக்கும் வணக்கம் சொல்லத்தான் வேண்டும். கை எழும்பவில்லை. கோபித்துக்கொண்டாலும் சரி.

எங்கள் சங்கத் தலைவி, வீராங்கனை கோமதியம்மாள் இழுப்பு நோயால் இறந்தார் என்கிறார்கள். ஆமாம், இழுப்புதான். மூச்சுவிட ஒரு சன்னல் கொடுத்தீர்களா?

இந்தக் காலனி வீட்டுக்கு மதராஸில் பிளான் போட்டார்கள். அங்கே கடல் கிழக்கே, காற்றும் கிழக்கே. அதனால் சன்னலைக் கிழக்கே வைத்தார்கள். ஐயா, தென்காசியில் எங்கே இருக்கிறது கடல்? நமக்குக் காற்று குற்றாலத்து மலையிலிருந்து, மேற்கேயிருந்து வருகிறது! பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்த மேற்கை மொட்டைச் சுவரால் அடைத்தார்கள். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். உள்ளே பகல் முழுக்க எங்கள் பெண்கள் புகையிலைத் தூளோடு வெந்தார்கள்.

போன ஆனி மாதம் கோமதியம்மாள் கடப்பாரையை எடுத்தார். தன் வீட்டு மேற்குச் சுவரை உடைத்துச் சன்னல் வைத்தார். அடடா, என்ன காற்று! அக்கம்பக்கத்துப் பெண்கள் பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே குடிவந்துவிட்டார்கள். "ஏட்டி, தூள் பறக்குது, தட்டைத் தள்ளி வையி" என்று அவர் அதட்டுவதும் சிரிப்பதும் தெருவுக்கே கேட்கும்.

என்ஜினீயர் அவர்களே, பொறுத்தீர்களா? "சாரல் உள்ளே அடிக்கும், கட்டடம் கெடும்" என்று வந்தீர்கள்.

"சாரலை நாங்க தொடச்சுக்கிடுதோம் ஐயா, காத்தை உடுங்க" என்றார்.

விட்டீர்களா? வீட்டைப் பிடுங்குவோம் என்று மிரட்டினீர்கள். கொத்தனாரைக் கூட்டிவந்து அடைத்தீர்கள்!

சென்ற வாரம் மலைக்காற்று வெளியே மரங்களையெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் மூச்சுக்குத் தவித்தார். மகள் குருவம்மாள் விசிறி விசிறிக் கை ஓய்ந்துபோனாள். கட்டிலோடு வெளியே தூக்கினோம். வாசலைத் தாண்டுமுன் உயிர் போய்விட்டது.

இப்போது மௌன அஞ்சலியாம். கோமதியம்மாள் என்றைக்கு மௌனமாக இருந்தார்? எனக்கு வேண்டாம் அந்த மௌனம்! சங்கச் செயலாளர் சொரிமுத்து நான் இந்த மேடையிலேயே சொல்லுகிறேன். நாளை விடிந்ததும் காலனியின் ஒவ்வொரு மேற்குச் சுவரிலும் சன்னல் திறப்போம். அவர் வீட்டில் தொடங்குவோம். வழக்குப் போடுகிறவர்கள் என் பேரை முதலில் எழுதிக்கொள்ளட்டும். கடப்பாரை உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். இல்லாதவர்களும் வாருங்கள். கை ஓய்ந்தவரிடமிருந்து வாங்கி இடிக்க ஆள் வேண்டும்.