மஞ்சக் கோட்டுக்கு வெளிய

...இல்ல, நான் கேக்குறேன், கோட்டைத் தாண்டி ரெண்டடி உள்ள தள்ளி உக்காந்தா என்னய்யா ஆயிடப்போவுது? அங்க நெழல் இருக்கு. இங்க என்ன இருக்கு? கொதிக்கிற சிமெண்டு தரை, கவுத்துப் போட்ட பெயிண்டு டப்பா ஒண்ணு. இருபத்தாறு வருஷம் மாடு ஏத்துற ட்ரெய்லர் செஞ்சு குடுத்த மனுஷனுக்கு இந்தக் கம்பெனி போடுற நாற்காலி இது. நீயாவது சொல்லேன், ஏம்ப்பா அர்ட்டூரோ... சொல்லமாட்ட. தெரியும். ஒம்பதாம் விதி. 'வெளிய நிறுத்தி வச்ச ஆள்கூட கேட் காவலர் பேசக் கூடாது, அவரைத் தனியா விட்டுட்டு நகரவும் கூடாது.' வேலைக்கு வந்து மூணே வாரம், அதுக்குள்ள மனப்பாடம் பண்ணிட்ட. குத்தம் சொல்லலப்பா. எழுதுனவனே நாந்தான். ஆனா பேசக் கூடாதுன்னுதான் எழுதுனேன், தலைய ஆட்டக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கேனா?

சரி, விடு. இந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல புருஷனைத் தொலைச்சவ மாதிரி உக்காந்திருக்கேன் பாரு. உள்ள கமிட்டி கூடியிருக்கு. இந்த ஹாலிஸ் பர்டெட்டை வேலைய விட்டு அனுப்புறதா, இருந்துட்டுப் போகட்டும்னு விடுறதான்னு பேசுறாங்க. துப்பாக்கிக் கமிட்டி. தலைவர் யாருன்னு நெனைக்கிற? நாந்தான். தலைவரை வெளிய உக்கார வச்சுட்டு தலைவரைப் பத்தியே பேசுறாங்க. சம்பந்தப்பட்ட ஆள் கூட்டத்துல இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி. அது ஏழாவது... ஆமா, அதுவும் நாந்தான், நீ ஒண்ணும் அப்படிப் பாக்க வேணாம்.

துப்பாக்கி வச்சிருக்கிறது தப்பா? இந்த டெக்சஸ்ல? எங்க சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்திட்டு வர்ற பெரியவரு இடுப்புல ஒண்ணு இருக்கும். போன மாசம் பல்லு டாக்டர் முன்னால வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கேன், என் இடுப்புல ஒண்ணு, அந்தாளு இடுப்புல ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு மரியாதை. வேலைக்கு வர்றவன் தன் வண்டிக்குள்ள பூட்டி வச்சுக்கலாம், முதலாளி வேணாம்னு சொல்ல முடியாதுன்னு சட்டமே சொல்லுது. ஆனா ஆலைக்குள்ள கொண்டு வராதேன்னு சொல்ல முதலாளிக்கு உரிமை இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இந்த மஞ்சக் கோடு. இந்தப் பக்கம் பார்க்கிங், உன் வண்டி, வண்டிக்குள்ள உன் துப்பாக்கி. அந்தப் பக்கம் நீயும் உன் சாப்பாடும் மட்டும். பெயிண்டு வாங்கிட்டு வந்தவன் நான். அந்த டப்பா மேலதான் இப்ப உக்காந்திருக்கேன்.

இந்த டெல்பர்ட் யான்சி இருக்கானே, வெல்டிங் டெல்பர்ட், துணைத்தலைவர்... அவன் ஒரு நாள் கூட்டத்துல கேட்டான். வண்டி இல்லாம வர்றவன் துப்பாக்கியை எங்க வைப்பான், கேட்டுல நாலு லாக்கர் போடலாமேன்னான். நான் சிரிச்சேன். "இந்த வட்டாரத்துல வண்டி இல்லாம வேலைக்கு வர்றவன் எவன்யா? நீ என்ன, குதிரையில வரப்போறியா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல. அவன் எதுக்கும் சிரிக்கமாட்டான், வெல்டிங் முகமூடியோடவே பொறந்தவன். சரி, காவலர்கிட்டயாவது குடுத்து வைக்கலாமான்னு கேட்டான். அதுக்கும் ஒரு விதி போட்டேன், காவலர் யாரோட துப்பாக்கியையும் கையால தொடக் கூடாதுன்னு. அன்னைக்கு கைதட்டெல்லாம் கெடைச்சுது.

இன்னைக்குக் காலைல என்னோட பிக்கப் மெக்கானிக் ஷெட்டுல கெடக்கு. கியர் பாக்ஸு. முப்பது வருஷமா மனுஷனைக் கைவிடாத வண்டி, இன்னைக்குப் பாத்துப் படுத்துடுச்சு. ஜோனெல்தான், என் வீட்டுக்காரி, அவ கார்ல கொண்டாந்து விட்டா. எறங்குறேன், பெல்ட்டை மேல இழுத்து விடுறேன், கைக்குத் தட்டுப்படுது. பழக்கம் பாரு. பல்லு வெளக்குறேன், சட்டை போடுறேன், அதைச் சொருகுறேன். யோசிச்சாப் பண்றோம்? இவகிட்டயே குடுத்து அனுப்பலாம்னு நீட்டுறேன். அவ போறது பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைங்களுக்குச் சமைக்கிறா. "இதைத் தூக்கிக்கிட்டு நான் பள்ளிக்கூட வாசல்ல போயி நிக்கணுமா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா"ன்னு கேட்டுட்டு ஒரே அழுத்து, தூசியக் கெளப்பிட்டுப் போயிட்டா.

உன்கிட்டகூட வந்தேனே. ஞாபகம் இல்ல? காலைல ஏழு மணிக்கு உன் கூண்டுக்கு முன்னாடி வந்து நின்னு தொண்டையக் கனைச்சேனே? நீ செவுத்துல ஒட்டியிருக்கிற விதிகளைப் பாத்த, நான் உன்னைப் பாத்தேன். 'இன்னைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும் போல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். வேற என்ன சொல்றது? நான் எழுதுனதை நானே உன்கிட்ட மீறச் சொல்ல முடியுமா? வெக்கமா இருக்காது?

அதனால, தோட்டாவை எல்லாம் கழட்டி சாக்ஸுக்குள்ள விட்டுக்கிட்டேன். அந்த வரைக்கும் புத்தி இருந்துச்சு. துப்பாக்கியை சாப்பாட்டுப் பெட்டியில, சாண்ட்விச்சுக்கு அடியில வச்சேன். பெட்டியைக் கொண்டுபோயி ஃப்ரிட்ஜுல வச்சேன். ஒரு பகல்தானே, இரும்பு என்ன ஊசிப்போயிடுமா?

பெட்டியா... அதை ஏன் கேக்குற. ஐநூறு நாள் ஒரு விபத்தும் இல்லாம ஆலைய ஓட்டுனதுக்குக் கம்பெனி குடுத்த பரிசு. ஆளுக்கொரு சிவப்புப் பெட்டி. ட்ரெவினோ அம்மா, நம்ம மேனேஜர், அவங்க தங்கமான மனுஷி, கலர் கலரா வாங்கலாமேன்னாங்க. ஒரே கலரா இருந்தாத்தான் பாக்க ஒழுங்கா இருக்கும்னு ஒருத்தன் சொன்னான். பேரை மூடிக்கு உள்பக்கம் ஒட்டுவோம், வெளிய ஒட்டுனா அசிங்கமா இருக்கும்னும் அதே ஆள்தான் சொன்னான். அவன் யாருன்னு இனிமே நான் உனக்குச் சொல்ல வேணாம்னு நெனைக்கிறேன்.

உனக்குச் சிரிப்பு வருதுல்ல? சிரி, சிரி. சிரிக்கக் கூடாதுன்னு விதி இல்ல.

ஆனா இதுக்கெல்லாம் மூலக்காரணம் அந்த டெல்பர்ட்தான். கேளு. ஆறு மாசமா பாக்குறேன். பன்னெண்டு மணி அடிச்சா பெட்டியை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நேரா கழிவறைக்குப் போவான். சாப்பாட்டுப் பெட்டியோட கழிவறைக்கு எவன்யா போவான்? அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து மூலையில உக்காந்து திம்பான். பக்கத்துல எவனாவது 'என்ன கொண்டாந்த'ன்னு எட்டிப் பாத்தா டப்புனு மூடிடுவான். நான் முடிவே பண்ணிட்டேன். உள்ள இருக்கு. இவன் கோட்டைத் தாண்டித் துப்பாக்கி கொண்டு வர்றான். தொறந்து காட்டுன்னு கேக்க முடியாது, ஒருத்தன் பெட்டியை இன்னொருத்தன் தொறக்கச் சொல்ற வழக்கம் நம்ம ஊர்ல கெடையாதே. அதனால பதினோராம் விதி எழுதுனேன். 'கோட்டுக்கு உள்ள துப்பாக்கி கொண்டு வந்தவர் யாராக இருந்தாலும் அன்றே வெளியே.' யாராக இருந்தாலும்ங்கிறதைக் கொட்டை எழுத்துல போடச் சொன்னேன். அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னேன். அவனும் சரின்னு கையெழுத்துப் போட்டான். என்ன நெஞ்சழுத்தம்னு நெனச்சுக்கிட்டேன்.

இன்னைக்கு மத்தியானம்... தண்ணி இருந்தாக் குடேன். குடுக்கக் கூடாதுன்னு நான் எழுதல, சத்தியமா. ...ம், நல்லாரு.

இன்னைக்கு மத்தியானம் அவன் வழக்கம்போல பெட்டியை எடுத்துக்கிட்டுப் போறான், நான் பத்தடி பின்னால போறேன். கழிவறை வாசல்ல நின்னுட்டான். கையில ஏந்தி கனம் பாக்குற மாதிரி பாத்தான். மூடியக் கொஞ்சம் தொறந்தான். எனக்குத் தெரிஞ்சுடுச்சு, கறுப்புப் பிடி. ஆறு மாசமா எதைப் பாக்கணும்னு காத்துக் கெடந்தேனோ அதைப் பாத்துட்டேன். அவன் பட்டுனு மூடிட்டு திரும்புறான், நான் நிக்கிறதைப் பாக்குறான், நேரா என்னைப் பாத்து வர்றான். கை நடுங்குது. என்னமோ சொல்ல வாயத் தொறக்குறான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுங்குதுன்னு நெனச்சேன்.

ஆமாய்யா, நாந்தான். மத்தியானத்துலேர்ந்து எல்லாரும் கேக்குறாங்களே, சைரனை எவன் இழுத்தான்னு? நாந்தான் இழுத்தேன். 'டெல்பர்ட் பெட்டியில துப்பாக்கி'ன்னு ஆலையே அதிரக் கத்துனேன். நானூறு பேரு சாப்பாட்டைப் போட்டுட்டு வெயில்ல வந்து நின்னாங்க. ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து போலீஸ் ஆள் வந்தான். அத்தனை பேரு முன்னால பெட்டியத் தொறந்து, மூடிக்கு உள்பக்கம் பாத்து, சத்தமாப் படிச்சான். 'ஹாலிஸ் பர்டெட்.'

என்னோடதுதான் அங்க ஃப்ரிட்ஜுல இருக்குங்கிறது கத்துன அந்த நிமிஷம் எனக்குத் தோணவே இல்லப்பா. நீ நம்பு, நம்பாம போ. அவன் மேல இருந்த கண்ணுல என் துப்பாக்கியே எனக்கு அடையாளம் தெரியல. அவன் தெரியாம என் பெட்டியை எடுத்திருக்கான். பேரைப் படிச்சிருக்கான். சத்தமில்லாம என்கிட்ட கொண்டாந்து குடுக்கத்தான் வந்திருக்கான். வாயத் தொறந்தது அதுக்குத்தான். நான் அவனைப் பேச விடல.

கேஸ் ஒண்ணும் இல்லன்னு ஷெரிஃப் ஆளு துப்பாக்கியைப் பெட்டியோட எடுத்துக்கிட்டுப் போயிட்டான், நாளைக்கு வந்து வாங்கிக்கன்னான். கம்பெனி விதிதான் பாக்கி. கமிட்டியில என்னையும் டெல்பர்ட்டையும் விட்டா நாலு பேரு. ரெண்டு பேரு எனக்கு வேண்டியவங்க, ரெண்டு பேரு வேண்டாதவங்க, நான் எண்ணிட்டேன். சமமா வந்தா தலைவர் சொல்றதுதான். தலைவர் இல்லன்னா துணைத்தலைவர். அவன் கையிலதான் இருக்கு. இந்த வயசுல வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்? நாளைக்குக் காலைல ஜோனெல் எழுந்து காப்பி போடும்போது நான் எங்க போறேன்னு சொல்லுவேன்? ஒண்ணு சொல்றேன் கேளு, அவன் இங்க உக்காந்திருந்து நான் உள்ள இருந்திருந்தா, அவனுக்குக் கையத் தூக்கியிருக்க மாட்டேன். யாராக இருந்தாலும்னு சொல்லிருப்பேன். நல்லா அழுத்திச் சொல்லிருப்பேன்.

போன் அடிக்குது. போ, எடு. நகரக் கூடாதுன்னா? அட போய்யா, நான் எங்க ஓடப்போறேன், வண்டியே இல்லாதவன்.

...என்னவாம்?

பேசுறியே. நீ என்கிட்ட பேசுறியே அர்ட்டூரோ. அப்ப ஒம்பதாம் விதி எனக்கு இனிமே... டெல்பர்ட்டா? டெல்பர்ட்டா சொன்னான், இருக்கட்டும்னு? எழுதிக்கிட்டாங்களா? ...ம். ம். கேட்டுல நாலு லாக்கரா. சரி. போடட்டும். யாரு வேணாம்னா.

என்னது, பெட்டிய இப்ப தொறக்கணுமா? இன்னையிலேர்ந்து உள்ள போற எல்லாரும் தொறந்து காட்டணுமா? யாராக இருந்தாலுமா? நல்லாருக்குய்யா. மொத ஆளு நாந்தானா? சந்தோஷம். இந்தா, பாத்துக்க, என்ன இருக்கப்போவுது, ஃப்ரிட்ஜுல மிச்சம் கெடந்தது இது ஒண்ணுதான், என்னோடதுன்னு எடுத்துக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க. நானும் பைத்தியக்காரன் மாதிரி மடியில வச்சுக்கிட்டு... என்னோடதைத்தான் ஷெரிஃப் ஆளு கொண்டுபோயிட்டானே.

மூடியில என்ன போட்டிருக்கு? என் கண்ணாடி உள்ள இருக்கு, நீ படி.

...யான்சியா.

அவிச்ச முட்டை ரெண்டு. சோள ரொட்டி. அந்தத் துணிப் பையில என்ன? பிரி. ஊசி... இது எங்க மச்சான் போட்டுக்கிற மாதிரி ஊசி. சக்கரை வியாதிக்கு. சாப்பிடுறதுக்கு முன்னாடி வயித்துல போட்டுக்குவாரு.

இதுக்குத்தான் கழிவறைக்குப் போனானா. எங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு.

மணி என்ன ஆவுது? மூணா? பன்னெண்டுலேர்ந்து நானூறு பேரோட வெயில்ல நின்னுருக்கான், அப்புறம் உள்ள உக்காந்து எனக்காகப் பேசியிருக்கான். ஊசியும் போடல, சாப்பிடவும் இல்ல. அவன் சாப்பாடு இவ்வளவு நேரம் என் மடியில இருந்துச்சு. நகருப்பா அர்ட்டூரோ, பாத்துட்டல்ல, கேட்டைத் தொற, அப்பவே கை நடுங்குச்சு அவனுக்கு, கேட்டைத் தொறய்யா...